'தொழில்முறையில் மட்டும்': ஒரு சட்டச் சொற்றொடரின் நூறு வருஷக் கதை

அமெரிக்காவில் மெத்தடோன் மாத்திரையை வலிக்காக ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சாதாரண மருந்துக்கடையில் வாங்கிக்கலாம். அதே மாத்திரை ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள வேணும்னா அந்த வழி கிடையாது. அதுக்கென்று அனுமதி பெற்ற தனி கிளினிக்குக்குத்தான் போகணும். ஏன் இப்படி என்று தேடப் போய், 1914-ல் வந்து நின்றேன்.

அந்த டிசம்பரில் அதிபர் வுட்ரோ வில்சன் ஹாரிசன் சட்டத்தில் கையெழுத்திட்டார். பெயருக்கு அது வரிச் சட்டம். மார்ஃபின், கோகெயின் போன்றவற்றைக் கையாளுபவர்கள் பதிவு செய்யணும், வருஷம் 1 டாலர் வரி கட்டணும், கணக்கு வைக்கணும். மருத்துவர் தன் நோயாளிக்குக் கொடுக்கலாம், ஆனால் 'தன் தொழில்முறைப் பணியின் போக்கில் மட்டும்'.

சிக்கல் இந்தக் கடைசிச் சொற்களில்தான். மார்ஃபினுக்கு அடிமையான ஒருவருக்கு, உடம்பு நடுங்காமல் இருக்கத் தினமும் கொஞ்சம் எழுதிக் கொடுப்பது வைத்தியமா, வியாபாரமா? சட்டம் விளக்கவில்லை. எங்கள் மென்பொருள் தொழிலில் இது பழகின கதை. ஸ்பெக்கில் ஒரு சொல்லுக்கு விளக்கம் இல்லைன்னா, அமல்படுத்துகிறவர் எடுத்துக்கொள்வதுதான் அர்த்தம். இங்கே அமல்படுத்தியது வரி வசூலிக்கும் கருவூலத் துறை. அவர்கள் பார்வையில் அது வியாபாரம்.

1919-ல் உச்ச நீதிமன்றமும் 5-4 என்று அதையே சொன்னது. மெம்ஃபிஸ் மருத்துவர் வெப், சீட்டுக்கு 50 சென்ட் வாங்கியவர். பேராசைக்கார டாக்டர் மாட்டிக்கொண்ட கதை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கேள்வியைப் படித்தபோது, அதில் அந்த 50 சென்ட் இல்லவே இல்லை. பழக்கத்தைக் குணப்படுத்த இல்லாமல், நோயாளி அவதிப்படாமல் இருப்பதற்காக மட்டும் எழுதும் சீட்டு, மருந்துச் சீட்டா? இல்லை என்பது பதில். ஒரு பைசா வாங்காமல் எழுதிய மருத்துவருக்கும் அது பொருந்தும்.

அடுத்த சில வருஷத்தில், இவர்களுக்கென ஊர்களில் திறந்திருந்த கிளினிக்குகளும் மூடப்பட்டன. லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் டாக்டர் வில்லிஸ் பட்லர் நடத்தியது 1923-ல் மூடியது.

1925-ல் இன்னொரு வழக்கு. ஸ்போகேன் மருத்துவர் லிண்டர், பழக்கத்துக்கு அடிமையான ஒருவருக்கு 1 மார்ஃபின் மாத்திரையும் 3 கோகெயின் மாத்திரைகளும் கொடுத்தார். வந்தவர் அரசின் ஆள். இந்தத் தடவை நீதிமன்றம் ஒருமனதாக மருத்துவர் பக்கம் நின்றது. இவர்கள் நோயாளிகள், சிகிச்சைக்கு உரியவர்கள் என்றது. ஆனால் கருவூலத் துறை தன் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை. ஜெயிலுக்குப் பயந்த மருத்துவர்களும் திரும்பி வரவில்லை.

அப்புறம் 1960-களில்தான் நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் இருவரும் மெத்தடோன் சிகிச்சை பலன் தருவதைக் காட்டினார்கள். 1974 சட்டம் அதை அனுமதித்தது, தனிப் பதிவு என்ற வேலிக்குள். 2002-ல் பியூப்ரனார்ஃபின் வந்தபோதும் மருத்துவருக்குத் தனி அனுமதி, ஆரம்பத்தில் 30 நோயாளிகள் வரம்பு. அந்த அனுமதி முறை 2022 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது.

மெத்தடோனுக்கான வேலி மட்டும் இன்னும் இருக்கு. சிகிச்சை தொடங்கும் பலர், வேலைக்குப் போகும் முன் விடியற்காலையில் அந்த கிளினிக் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் நோயாளிகள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1925-ல்.