பொம்மைக் கடையில் ஒரு யுத்தம்

என் மகளின் மேஜைமீது ஐந்து அங்குல உயரத்தில் ஓர் இயந்திர வீரன் நிற்கிறான். வெள்ளைக் கை கால்கள், நீல மார்பு, சிவப்பு வயிறு, நெற்றியில் மஞ்சள் கொம்பு. "பொம்மை வைத்து விளையாடுகிற வயதா உனக்கு?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அப்பா. கதை எழுதுகிறவர் நீங்கள் பார்க்காமல் இருக்கலாமா?" என்றாள். கௌரவப் பிரச்னையாகிவிட்டது. பதினைந்து இரவுகள் உட்கார்ந்து நாற்பத்து மூன்று பகுதிகளையும் பார்த்து முடித்தேன்.

படத்தின் பெயர் 'கிடோ ஸென்ஷி கண்டம்'. ஜப்பானியர்களுக்கு அது ஓர் இயந்திரத்தின் பெயர். தமிழில் எழுதினால் ஜாதகத்தில் வரும் கண்டமாகத் தெரிகிறது. பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்கு வந்த கண்டம் என்று வைத்துக்கொண்டாலும் பிழையில்லை.

ஜப்பானில் இராட்சத இயந்திரக் கதைகளுக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1963-ல் வந்த 'டெட்ஸுஜின் 28' படத்தில் சிறுவன் ஒருவன் தூரத்தில் நின்று விசையைத் திருகி இயந்திரத்தை ஆட்டுவித்தான். 1972-ல் 'மாஸிங்கர்' வந்தபோது பையன் இயந்திரத்தின் தலைக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துவிட்டான். இரண்டிலும் எதிரி என்றால் அரக்கன். ஈவிரக்கம் பார்க்க வேண்டியதில்லை. 1979 ஏப்ரல் 7-ம் தேதி, ஒரு சனிக்கிழமை மாலை, நகோயா தொலைக்காட்சியில் 'கண்டம்' தொடங்கியது. அதில் எதிரியும் மனிதன். இயக்கியவர் யோஷியுகி டோமினோ, 1941-ல் பிறந்தவர். தோற்றுப்போன தேசத்தில் வளர்ந்த குழந்தை.

பணம் போட்டது க்ளோவர் என்ற பொம்மைக் கம்பெனி. அவர்களுக்கு வேண்டியது சின்னப் பையன்கள் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து (ஜப்பானில் கால்சட்டை) வாங்கச் சொல்லும் ஒரு பொம்மை. டோமினோ கொடுத்ததோ வேறு சரக்கு. விண்வெளிக் குடியிருப்பு ஒன்று சுதந்திரம் கேட்டுப் பூமியோடு போர் தொடுக்கிறது. தற்செயலாக அமுரோ என்ற பையன் 'கண்டம்' இயந்திரத்தில் ஏறுகிறான். அகதிகளை ஏற்றிய ஒரு கப்பல். அதற்குத் தலைவன் பத்தொன்பது வயது இளைஞன்.

எனக்குப் பிடித்த இடங்களில் இயந்திரமே இல்லை. ஒரு பகுதியில் கப்பலில் உப்புத் தீர்ந்துபோகிறது. சமையற்காரர் வந்து முறையிடுகிறார். உலக யுத்தம் நடக்கும்போது உப்பு ஏரியைத் தேடிக் கப்பல் திரும்புகிறது! இதை எழுதியவர் எவரோ, அவர் வீட்டில் ரேஷன் காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

பதின்மூன்றாம் பகுதி அதையும் மிஞ்சியது. பையன் நெடுநாளாகப் பிரிந்திருந்த தாயைத் தேடிப் போகிறான். நோயாளிபோல் படுத்திருக்கும்போது எதிரிச் சிப்பாய்கள் சோதனை போட வருகிறார்கள். போர்வைக்குள்ளிருந்தபடியே ஒருவனைச் சுட்டுவிடுகிறான். உயிர் பிழைத்தானே என்று தாய் மகிழவில்லை. அந்தச் சிப்பாய்க்கும் குடும்பம் இருக்குமே என்று பதறுகிறாள். தன் பிள்ளையா இவன் என்று பார்க்கிறாள். கடைசியில் மகன் அவளுக்கு ராணுவ ஸல்யூட் அடித்துவிட்டுப் போய்விடுகிறான். அவள் மண்ணில் உட்கார்ந்து அழுகிறாள். அன்றிரவு வெகு நேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

குறைகள் இல்லையா? ஏராளம். வாரத்துக்கு ஒரு புது எதிரி இயந்திரம் வந்து, வந்த வாரமே உடைகிறது. பாதிக் கதையில் திடீரென்று ஒரு விமானம் முளைக்கிறது. 'கண்ட'த்தோடு அதை ஒட்டலாம், பிரிக்கலாம். கதைக்கு அது எதற்கு என்று யோசித்தேன். பொம்மையாக விற்பதற்கு! சித்திரம் சில பகுதிகளில் பரிதாபம். பதினைந்தாம் பகுதியை அமெரிக்காவில் வெளியிட டோமினோவே சம்மதிக்கவில்லை. பாத்திரங்களை வரைந்த யாஸுஹிகோ பிற்பகுதியில் நோயில் விழுந்தார். முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது. இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். ஆரம்பத்திலேயே மனித குலத்தில் பாதி மாண்டுவிட்டது என்று ஒரு குரல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறதே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தப் பாதியில் ஒருவரையாவது நமக்குக் காட்டியிருக்க வேண்டாமா?

பார்வையாளர் குறைவு, பொம்மையும் போகவில்லை. 52 வாரம் என்று போட்ட திட்டத்தை 43-ல் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். 1980 ஜனவரி 26-ல் திரை விழுந்தது.

இந்த வேதனை எனக்குத் தெரியும். ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, "மூன்று வாரத்தில் முடித்துவிடுங்கள்" என்று தகவல் வந்தது. என்ன செய்தேன் தெரியுமோ? கதாநாயகியை டில்லிக்கு ரயிலேற்றி, இரண்டு பெரியவர்களைச் சாகடித்து, சொத்து வழக்கை ஒரே பாராவில் தீர்த்துவைத்தேன். அதனால் 'கண்ட'த்தின் கடைசிப் பகுதிகளில் தெரியும் அவசரத்தை என் உடம்பே உணர்ந்தது. லாலா என்று ஒரு பெண் வருகிறாள். கறுத்த மேனி, நெற்றியில் பொட்டு. எதிரிப் பக்கத்தவள். பையனும் அவளும் சொல்லில்லாமல் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள். முப்பத்து நான்கில் வந்தவள் நாற்பத்து ஒன்றில் அவன் கையாலேயே மடிகிறாள். இன்னும் நாலு வாரம் அவளோடு பழக விட்டிருந்தால் கதை எங்கேயோ போயிருக்கும்.

தொடர் நின்ற பிறகுதான் வேடிக்கை ஆரம்பம். மறு ஒளிபரப்பில் பள்ளி, கல்லூரி மாணவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1980 ஜூலையில் பண்டாய் கம்பெனி, ஒட்டிப் பொருத்தும் பிளாஸ்டிக் மாதிரிகளை 300 யென் விலையில் இறக்கியது, கடைகளில் தள்ளுமுள்ளு. 1981 பிப்ரவரி 22-ம் தேதி டோக்கியோவின் ஷின்ஜுகுவில் ஆயிரக்கணக்கான அபிமானிகள் கூடினார்கள். 1981, 82-ல் தொடரை மூன்று திரைப்படங்களாகச் சுருக்கினார்கள். அந்த ஒட்டு விமானத்தை டோமினோ தூக்கி எறிந்தார். மூன்றாவது படத்துக்கு யாஸுஹிகோ திரும்பிவந்து நிறையப் புதிதாக வரைந்தார். முதலில் பணம் போட்ட க்ளோவரோ 1983-ல் திவாலாயிற்று. 2009-ல் டோக்கியோ ஒடைபாவில் பதினெட்டு மீட்டர் உயரத்துக்கு முழு அளவில் 'கண்ட'த்தை நிறுத்தினார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் அப்படியே.

பார்த்து முடித்த மறுநாள் காலை மேஜையைக் கவனித்தேன். வீரனின் தலையையும் இடது கையையும் மகள் கழற்றித் தனியே வைத்திருந்தாள். கடைசிப் பகுதியில் அவன் அப்படித்தான் நிற்கிறான். பையன் அவனை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு சிறு விமானத்தில், மூன்று அநாதைக் குழந்தைகள் வழி சொல்லச் சொல்ல, தன் கூட்டத்தாரிடம் போய்ச் சேர்கிறான்.