வில் வகுத்த எல்லை

சென்ற தவணையில், நெடுங்கேணிப் பகுதிப் பாடசாலையொன்றில் மேல்வகுப்பு மாணவர்க்குப் புறநானூற்றின் 324ஆம் பாடலை விளக்கிக்கொண்டிருந்தோம். ஆலத்தூர் கிழார் பாடியது. வேட்டுவச் சிறுவர் சிறு கொம்பை வளைத்து வில்லாக்கி, புல்லின் தண்டில் உடைமுள்ளைச் செருகி அம்பாக்கி, பருத்தி வேலியில் ஓடும் எலியைக் குறிபார்த்து நிற்கும் காட்சி அதில் வருகின்றது. நாளை மானைத் தொடரவேண்டிய கை இன்று எலியிற் பழகுகின்றது என்றோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், “சேர், அவையளுக்குப் பெர்மிற் இருந்ததோ?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவனுடைய தந்தை தேனெடுக்கக் காட்டுக்குட் சென்றதற்காக வழக்கில் நிற்பவர்.

கேள்வி நகைப்புக்குரியதன்று. வேட்டைக்கு விதி வகுத்தவன் வெள்ளையன், அதற்குமுன் காட்டில் விதியே இருந்ததில்லை என்னும் எண்ணம் நம்மிடையே படித்தோரிடமும் ஊறிப்போயிருக்கின்றது. சான்றுகள் வேறு கதை சொல்கின்றன.

பக்திக்காகவே படித்துப் பழகிய கண்ணப்பர் புராணத்தை ஒருமுறை காட்டு மக்களின் வாழ்க்கை ஏடாகப் படித்துப் பார்த்தல் தகும். திண்ணனார் வில்லைத் தொடுவது தனிமனிதன் விருப்பப்படியன்று. ஊர்கூடி விழா எடுத்து, நாட்குறித்து, ஆசானைக் கொண்டு பயிற்சி தொடங்குகின்றனர். திங்கள்தோறும் முறையாக நிகழும் வேட்டை, தலைவனான நாகன் முதுமையுற்றதால் தடைப்படுகின்றது. விலங்குகள் பெருகிப் புனத்தை அழிக்கின்றன. வேடுவர் திரண்டுவந்து முறையிட்ட பின்பே திண்ணனார் தலைமையேற்று வேட்டைக்குப் புறப்படுகின்றார். வேட்டையிலோ யானைக்கன்றைத் தொடர்வதில்லை. சிறு குட்டிகளைக் கொல்வதில்லை. கருவுற்று நடை தளர்ந்த பிணையை வருத்துவதில்லை. சேக்கிழார் சோழப் பேரரசின் அமைச்சராயிருந்தவர், வேடரல்லர். அவர் காட்டு வாழ்வைச் சற்று மெருகிட்டிருக்கலாம். ஆயினும் சினைப் பிணைமேல் அம்பு தொடாத ஒழுக்கத்தை 12ஆம் நூற்றாண்டின் தமிழர் ஒருவர் வேடர்க்கு உரியதாக எழுதமுடிந்தது என்பதே நமக்குப் போதுமான சான்றாகும்.

இலங்கைக்கு வருவோம். 1660 முதல் 1679 வரை கண்டி அரசிற் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் வேடரைப் பற்றி எழுதியவை சுவையானவை. அம்புமுனை தேவைப்படும்போது வேடர் இரவில் வந்து, கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய வடிவில் வெட்டிய இலையொன்றையும் அருகே வைத்துச் செல்வராம். கொல்லன் அவ்வடிவில் அடித்துக் கொடுத்தால் மேலும் இறைச்சி வரும். மறுத்தால் இருளில் அம்பு வரும்! பணமும் பத்திரமும் இல்லாத இவ்வொப்பந்தம் இரு தரப்பாருக்கும் விளங்கியிருந்தது.

அவர் கூறும் மற்றொரு செய்தி நமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. காட்டினுள் ஒவ்வொரு கூட்டத்தார்க்கும் எல்லை உண்டு. எல்லை கடந்து எய்தலோ தேனும் பழமும் எடுத்தலோ கூடாது. எல்லையோரத்துப் பலாமரம் ஒன்றின் பழத்துக்காக எழுந்த வாய்த்தர்க்கம் வில்லுக்கு மாறி, இருபது முப்பது பேர் அவ்விடத்திலேயே மாண்டனராம். இது பெருமைப்படத்தக்க நிகழ்ச்சியன்று. ஆனால் விதியே இல்லாத இடத்தில் விதிமீறலுக்காக எவரும் உயிர்விட மாட்டார். 1911இல் வேடர் பற்றிப் பெருநூல் எழுதிய செலிக்மன் தம்பதியரும் இத்தகைய எல்லைகளைக் கண்டனர். ஆறோ குன்றோ இல்லாதவிடத்து, வில்லை நாணேற்றி நிற்கும் மனித உருவை மரத்தண்டிற் செதுக்கி எல்லை காட்டினர் என்று பதிவு செய்துள்ளனர். எழுத்தறியாதார் எழுதிவைத்த சட்டம் அது.

இம்மரங்கள் யாவும் ஒரே நாளில் முடிக்குரியவையாயின. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுப்பு நிரூபிக்கப்படும்வரை, அரசின் உடைமையே எனக் கொண்டது. உரிமையாளன் மாறியதும் நடந்ததென்ன? மேஜர் ரொஜர்ஸ் என்னும் அதிகாரி ஒருவரே 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார். அரசு தலைக்குச் சில சிலிங் பரிசு கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வன்னியை உள்ளடக்கிய வடமாகாணத்தில் மாத்திரம் 3,500 யானைகள் அழிந்தன என எமர்சன் டெனன்ற் எழுதுகின்றார். சுட்டோருள் நம்மவரும் இருந்தனர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. சிலிங் எறிந்தவன் யார் என்பதையும் மறக்கவேண்டியதில்லை.

காடு வெறுமையாகத் தொடங்கியபின் பாதுகாப்பு வந்தது. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைந்தது. தோட்டத் துரைமாரே அதன் முன்னணியில் நின்றனர். 1891, 1909ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மூடுகாலத்தையும் அனுமதிப்பத்திரத்தையும் நிலைநிறுத்தின. யாலவில் ஒரு பகுதி இலங்கைவாழ் வேட்டைப் பிரியர்க்கென்றே ஒதுக்கப்பட்டது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் இவற்றை விரிவாக்கியது. சினைக்காலத்தில் மானை விடுதல் என்னும் பழைய ஒழுக்கம் இங்கே மூடுகாலம் என்னும் பெயருடன் மீண்டும் வந்தது. ஆனால் இம்முறை அதைக் காக்கும் பொறுப்பு ஊரிடம் இல்லை. கட்டணம் செலுத்திய துரை வேட்டைக்காரன்; இடியன் துவக்குடன் புனங்காத்தவன் களவேட்டைக்காரன். விலங்கு ஒன்றே, குண்டும் ஒன்றே.

சுதந்திரத்தின் பின்னும் இப்போக்கு மாறவில்லை. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது, தம்பனைப் பகுதி வேடரின் வேட்டைக்காடு அதனுள் அடங்கியது. குடும்பங்கள் புதிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. மரத்தில் வில் செதுக்கி எல்லை வகுத்தோரின் பேரர், எல்லைக் கல்லுக்கு வெளியே நின்றனர்.

வேட்டையை மீட்டுத் தரும்படி நாம் கேட்கவில்லை. மான் இன்று காக்கப்படவேண்டியது. இறைச்சி வியாபாரத்துக்காகக் கட்டுத்துவக்கு வைப்பவனுக்காக நாம் வாதிடப்போவதுமில்லை. நெடுங்கேணியைச் சூழ்ந்த காடுகள் போரையும் இடப்பெயர்வையும் கண்டவை. 2009க்குப் பின் மீண்டுவந்த மக்கள், முன்பு உழுத நிலத்திலும் விறகெடுத்த பற்றையிலும் புதிய எல்லைக் கற்களைக் கண்டனர். அக்கற்களை நடுமுன் அங்கே வாழ்ந்தோரை அழைத்து, இது யார் தேனெடுத்த காடு, எந்தக் குளத்தின் நீரேந்து நிலம் என்று கேட்டிருக்கலாம். காட்டு வழியிற் குழை முறித்து வைத்து ஐயனாரை வணங்கியபின்னரே உள்ளே கால்வைக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கின்றார்கள்.

இவற்றையெல்லாம் அடுத்த பாடவேளையில் அம்மாணவனுக்குச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டான். பின்பு, செலிக்மன் எழுதிய அந்த மரம் இப்பொழுதும் நிற்கின்றதோ, நீதிமன்றத்திற் காட்டலாமோ என்று கேட்டான். தந்தையின் வழக்குக்கு அடுத்த தவணை வருகின்ற மாதம்.