பாலும் காரமும் கிருமியும்

இரைப்பையில் அமிலம் இல்லையாயின் அங்கே புண்ணும் இல்லை என்று 1910-ஆம் ஆண்டில் ஷ்வார்ட்ஸ் என்னும் ரணவைத்தியர் வகுத்த சித்தாந்தம், மேல்நாட்டு வைத்திய உலகத்தை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் தன் ஆதிக்கத்தில் வைத்திருந்தது. இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்று வில்லியம் பிரௌட் 1823-இலேயே லண்டனில் நிரூபித்திருந்தார். எனினும் அதனைச் சத்துருவாகவே பாவித்து அல்லும் பகலும் போர் தொடுத்தவர் சிகாகோ நகரத்து பெர்ட்ராம் சிப்பி.

காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை, மணிக்கொரு தரம் பாலும் பாலேடும் சமமாகக் கலந்து 3 அவுன்ஸ் பருகுவதும், இடைநேரங்களில் மக்னீஷியா, சோடா உப்பு முதலிய காரப்பொடிகளை விழுங்குவதும், தேவைப்படின் இரவில் குழாய் செலுத்தி இரைப்பை நீரை இறைப்பதுமாக 1915-இல் அவர் வெளியிட்ட முறையைப் படிப்பவர், பத்தியம் நம் நாட்டு வைத்தியருக்கே உரிய கொடுமை என்று இனிச் சொல்லத் துணியார். நோவு தணிந்தது மெய்தான். ஆனால் பால் சற்றே சாந்தம் அளித்துவிட்டு மேலும் அமிலத்தைச் சுரப்பிக்கும் சுபாவமுடையது. காரமும் பாலும் மிகுந்து தலைவலி, வாந்தி, சிறுநீரக உபாதை ஆகியவற்றுக்கு ஆளானவர்களைப் பற்றி 1923-இலேயே வைத்தியர்கள் எழுதத் தொடங்கிவிட்டனர்.

சுரந்த அமிலத்தை முறிப்பதைவிடச் சுரப்பையே தடுக்கலாம் என்று இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிளாக் குழுவினர் ஆராய்ந்ததன் பயனாக 1976-இல் சிமெடிடின் வந்தது. புண்கள் சில வாரங்களில் ஆறின. மாத்திரையை நிறுத்தியதும் பெரும்பாலும் திரும்பி வந்தன. விற்பவருக்கு இதில் வருத்தப்பட ஏதுமில்லை.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில், ராபின் வாரன் என்னும் வைத்தியர் இரைப்பைத் திசுக்களில் கண்ட வளைந்த கிருமிகளை வளர்க்க முயன்றும் பலிக்கவில்லை; வழக்கமாக இரண்டு நாளில் எறியப்படும் தட்டுகள், 1982-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையின் காரணமாக ஐந்து நாள் கிடந்தபோதுதான் அவை வளர்ந்து காட்சி தந்தன. புண்ணுக்கு மூலம் இக்கிருமியே என்ற கருத்தைக் கேட்டு, கிருமியாவது, புண்ணாவது என்று பலரும் நகைக்க, வாரனுடைய சகாவான பாரி மார்ஷல் 1984-இல் அக்கிருமிக் கரைசலைத் தாமே பருகி, இரைப்பை அழற்சியை வருவித்துக்கொண்டார்.

ஜெனீவாவின் லூயி ஓடியே 1786-இல் அஜீரணத்துக்குப் பரிந்துரைத்ததும், பிற்காலத்தார் புண்ணின்மேல் படியும் வெறும் பூச்சென்றே கருதியதுமான பிஸ்மத் உப்பு, இந்தக் கிருமியைக் கொல்ல வல்லது என்பது அதன் பின்னரே புலப்பட்டது. அக்கிருமியை ஒழிக்கும் இன்றைய நான்கு மருந்துக் கூட்டுச் சிகிச்சையில் அதுவும் ஒன்று.