படத்தொகுப்புக் கலையைக் கற்ற வரலாறு

திரைப்படம் பார்ப்போர் நடிகரை அறிவர், பாடகரை அறிவர், இயக்குநரின் பெயரையும் ஓரளவு நினைவில் வைப்பர். ஆயின், எடுத்துக் குவித்த காட்சிகளுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது, எதனை எதற்கு அடுத்து வைப்பது என்று முடிவு செய்பவரைப் பெரும்பாலோர் அறியார். அவரே படத்தொகுப்பாளர்.

இன்று அவருடைய கலையைக் கற்பிக்கும் பாடங்கள் இணையத்தில் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. கணினி ஒன்று இருந்தால் போதும், வீட்டில் இருந்தபடியே எவரும் தொகுப்பாளர் ஆகலாம் என்கிறார்கள். இக்கூற்று எந்த அளவுக்கு உண்மை? இக்கலையை முன்னோர் எவ்வாறு கற்றனர் என்பதைப் பார்த்தால் விடை தானே கிடைக்கும்.

1895-ஆம் ஆண்டில் லூமியேர் சகோதரர்கள் பாரிஸ் நகரில் திரையிட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவானவை. ஒரே காட்சி, வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. ஆகவே அன்று தொகுப்பாளருக்கு வேலையும் இல்லை. பின்னர் பிரெஞ்சுக்காரரான மேலியே, பல காட்சிகளைக் கோத்துக் கதைப்படங்கள் எடுத்தார். எடிசன் நிறுவனத்தில் பணியாற்றிய அமெரிக்கரான எட்வின் போர்ட்டர் அப்படங்களைத் தம் பணியறையில் ஊன்றி ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியே தம்மைக் கதைப்படங்களின் பக்கம் திருப்பியது என்று அவரே பின்னாளில் கூறியுள்ளார். 1903-ஆம் ஆண்டில் அவர் எடுத்த ரயில் கொள்ளைப் படம் பெரும்புகழ் பெற்றது. இக்கலையின் முதல் பாடநூல் பிறருடைய படச்சுருளே என்பது இதனால் விளங்கும்.

மாஸ்கோவில் ஒரு பள்ளி

இவ்வுண்மையை ஒரு கல்விமுறையாகவே வளர்த்த இடம் மாஸ்கோ. 1919-ஆம் ஆண்டில் அங்கே அரசாங்கத் திரைப்படப் பள்ளி தோன்றியது. அது உள்நாட்டுப் போரின் காலம். உணவுக்கே பஞ்சம், படச்சுருளுக்குக் கேட்க வேண்டுவதில்லை. அப்பள்ளியில் ஆசிரியராக வந்து சேர்ந்த லேவ் குலெஷோவ், 1899-இல் பிறந்த இளைஞர். கையில் பிலிம் இல்லாத போதும் அவர் சோர்ந்து விடவில்லை. மாணவர்களைக் கொண்டு சிறுசிறு காட்சிகளை மேடையில் நடிக்கச் செய்து, படத்துண்டுகளைப் போலவே அவற்றை அடுக்கிக் காட்டினார். ‘பிலிம் இல்லாத பிலிம்’ என்றே இப்பயிற்சிக்குப் பெயர் வழங்கிற்று.

அந்நாளில் அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் எடுத்த ‘இன்டாலரன்ஸ்’ என்ற படம் ரஷ்யாவுக்கு வந்தது. 1916-ஆம் ஆண்டில் வெளியான அப்படம், வெவ்வேறு காலங்களில் நடக்கும் நான்கு கதைகளை மாறிமாறிப் பின்னிச் சொல்வது. ஒரு கதையிலிருந்து மற்றொன்றுக்கு எங்கே தாவுகிறது, ஏன் தாவுகிறது என்று இளம் கலைஞர்கள் துருவித் துருவி ஆராய்ந்தனர்.

குலெஷோவின் சோதனை ஒன்றை அவர் மாணவர் புதோவ்கின் பின்னாளில் விவரித்தார். உணர்ச்சியேதும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்துக் கொண்டனர். ஒரு கிண்ணம் சூப்பு, சவப்பெட்டியில் ஒரு பெண், பொம்மையுடன் விளையாடும் ஒரு சிறுமி ஆகிய மூன்று காட்சிகளோடும் அதே முகத்தைத் தனித்தனியே ஒட்டினர். பார்த்தவர்கள் முதலாவதில் ஆழ்ந்த சிந்தனையையும், இரண்டாவதில் துயரத்தையும், மூன்றாவதில் மகிழ்ச்சியையும் கண்டு, நடிப்பைப் புகழ்ந்தனராம். முகம் மாறவில்லை, அடுத்து வைத்த துண்டுதான் மாறியது. அச்சுருள் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அதன் பாடம் உலகெங்கும் பரவிவிட்டது.

எஸ்ஃபிர் ஷுப் என்ற அம்மையாரின் பணியும் நினைக்கத்தக்கது. அயல்நாட்டுப் படங்களை வெட்டித் திருத்துவதே அவருடைய வேலை. ‘பொட்டெம்கின்’ படத்தால் பின்னர் புகழ்பெற்ற ஐசன்ஸ்டைன், அவர் அருகே அமர்ந்து தொகுப்பு வேலையைப் பழகியவர். ஷுப் பழைய செய்திச் சுருள்களில் ஏறத்தாழ 60,000 மீட்டரைப் பார்த்து, தேர்ந்தெடுத்த துண்டுகளைக் கொண்டே ரோமனோவ் அரசவம்சத்தின் வீழ்ச்சியை 1927-ஆம் ஆண்டில் ஒரு படமாக்கினார்.

எடிட்டிங் அறையே பள்ளி

மற்ற இடங்களில் பள்ளி ஏது? ஹாலிவுட்டில் மார்கரெட் பூத் அம்மையார் சுருள்களை ஒட்டும் சிறுவேலையில் தொடங்கி, எம்.ஜி.எம். நிறுவனத்தின் தலைமைத் தொகுப்பாளராக உயர்ந்தார். நம் தமிழ்த் திரையுலகிலும் இதுவே வழக்கு. ‘பராசக்தி’யை இயக்கிய கிருஷ்ணன்-பஞ்சு இருவருள் பஞ்சு தொகுப்பாளருமாவார். அவர்களிடம் உதவித் தொகுப்பாளராகச் சேர்ந்த பீம்சிங் பின்னர் பெரும் இயக்குநரானார். அவருடைய மகன் லெனின் தொகுப்புக் கலைஞராகத் தேசிய விருதுகள் பெற்றார். கையிலிருந்து கைக்கு வந்த கல்வி அது.

அவ்வறையில் உதவியாளர் கற்றது எப்படி? வெட்டிய துண்டுகளுக்கு எண்ணிட்டு, ஆணிகளில் தொங்கவிட்டு, கேட்டதும் எடுத்துக் கொடுப்பது அவர் கடமை. அதனால் அவர் எப்போதும் தொகுப்பாளரின் அருகிலேயே நின்றார். இயக்குநருக்கும் தொகுப்பாளருக்கும் நடக்கும் வாதங்கள் அவர் காதில் விழுந்தன. ஒரு காட்சி ஏன் நீக்கப்பட்டது என்பதை எவரும் சொல்லிக் கொடாமலே அவர் அறிந்து கொண்டார்.

1989-ஆம் ஆண்டில் ஏவிட் நிறுவனம் கணினித் தொகுப்புக் கருவியை அறிமுகப்படுத்தியது. 1996-இல் வெளியான ‘தி இங்கிலிஷ் பேஷன்ட்’ படத்தை வால்டர் மர்ச் அக்கருவியில் தொகுத்து ஆஸ்கார் விருது பெற்றார். துண்டு தேடும் வேலை நொடியில் முடிந்தது. நன்மைதான். ஆனால் அருகில் நிற்க உதவியாளருக்கு இருந்த காரணமும் அதனோடு போயிற்று. அவர் வேறு அறைக்கோ, இரவுப் பணிக்கோ மாறினார். கலை வளர்ந்த அதே வேளையில் கற்கும் வழி ஒன்று குறுகிற்று.

இன்றைய பாடசாலை

அக்குறையை ஓரளவு நிரப்ப வந்ததே இணையம். 2005-ஆம் ஆண்டில் யூடியூப் தோன்றிய பின் கருவிப் பாடங்கள் எளிதில் கிடைக்கலாயின. டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளைப் பணமின்றிப் பெறலாம். அதன் பயிற்சி நூல்களும் இலவசமே. பிரெலிங்கர் காப்பகத்தின் பழைய செய்தி, விளம்பர, கல்விப் படங்கள் இணையக் காப்பகத்தில் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஷுப் அம்மையார் கிடங்குகளில் அலைந்து தேடிய பொருளை ஈப்போவில் உள்ள மாணவர் தம் மேசையில் இருந்தே எடுக்கலாம். குலெஷோவுக்குக் கிட்டாத பாக்கியம் இது!

ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைப் பாடம் சொல்லும். எந்தக் கணத்தில் வெட்டுவது என்பதை வெட்டி வெட்டித்தான் அறிய வேண்டும். மாஸ்கோ மாணவர்களுக்குப் படச்சுருள் இல்லை. ஆனால் செய்ததைப் பார்த்துக் குறை சொல்லத் தோழர்கள் இருந்தனர். இன்றைய மாணவருக்குச் சுருள் ஏராளம். குறை சொல்வார்தாம் இல்லை.

ஆகவே இத்துறையில் ஆர்வமுள்ள இளைஞர்கள் நூறு பாடங்களைப் பார்ப்பதினும், ஒரே காட்சியை மூன்று விதமாகத் தொகுத்து நண்பர் நால்வருக்குக் காட்டுவது மேல். அவர்கள் எங்கே சலித்தார்கள் என்று கவனித்து, மீண்டும் வெட்டட்டும். பழைய எடிட்டிங் அறையை எவரும் திரும்பக் கொணர இயலாது. நாலு பேர் கூடி அமர்ந்து பார்க்கும் வழக்கத்தையோ நாமே உண்டாக்கிக் கொள்ளலாம்.