பிடிமண்ணும் வரத்துக்காலும்: வறண்ட நிலத்தின் சூழல் மெய்யியல்

காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் காடு என்றால் மானாவாரிப் புஞ்சை. நிழல் வேண்டுமானால் கண்மாய்க் கரைக்குத்தான் போகவேண்டும். அங்கே பல ஊர்களில் ஐயனார் குடியிருக்கிறார். இந்தச் சாமி காவல் காப்பது மனிதர் கை படாத இயற்கையை அல்ல; மனிதர் வெட்டி, கரை போட்டு, மடை வைத்த ஒரு நீர்நிலையை. சூழல் மெய்யியல் பேசுவோர் அதிகம் கவனிக்காத செய்தி இது.

நார்வே மெய்யியலாளர் ஆர்னே நேஸ் 1973-ல் ‘ஆழ்சூழலியல்’ என்ற கருத்தை முன்வைத்தார். மனிதப் பயன்பாட்டைக் கடந்து, உயிர்கள் அனைத்துக்கும் தமக்கென்று ஒரு மதிப்பு உண்டு என்பது அதன் அடிப்படை. அக்கருத்து அமெரிக்காவில் வேரூன்றியபோது, ஆளில்லாக் காட்டைக் காப்பதே முதல் கடமை என்றாகிவிட்டது. வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகா 1989-ல் இதைக் கடுமையாக மறுத்தார்: மக்கள் நெருக்கமாக வாழும் இந்தியா போன்ற நாட்டில் அந்தப் பார்வை ஏழைகளை நிலத்திலிருந்து வெளியேற்றும் என்றார். குகாவின் மறுப்பு சரியானது. ஆனால் அதற்கு மாற்றாகக் காட்டத்தக்க ஆன்மிகம் எது? கண்மாய் நாட்டில் அதற்கு விடை இருக்கிறது.

மதுரை, சிவகங்கைச் சீமைகளில் ஐயனாருக்கு மண்குதிரை காணிக்கை வைக்கும் புரவியெடுப்பு நடத்துமுன் ‘பிடிமண்’ கொடுப்பார்கள். ஒரு பிடி மண்ணை முறைப்படி மண் வனையும் வேளாரிடம் ஒப்படைத்தால்தான் திருவிழாவுக்கு அச்சாரம். வேளார் களிமண்ணில் குதிரை வனைந்து, சுட்டு, வண்ணம் தீட்டுவார். ஊர் கூடி அதைச் சுமந்துபோய்ச் சாமிக்கு வைக்கும். பிறகு யாரும் அதைப் பராமரிப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் உடைந்து அது மண்ணோடு போகும். அடுத்த எடுப்புக்குப் புதுக் குதிரை வரும். மண்ணைப் புனிதமென்று சொல்லி ஒதுக்கி வைக்காமல், எடுத்து, வேலை செய்து, திருப்பிக் கொடுக்கிற வழிபாடு இது.

இதே மனப்பாங்கைக் கண்மாயின் உபரி நீர் வழியும் கலுங்கிலும் பார்க்கலாம். பழைய கலுங்குகளின்மேல் இடைவெளி விட்டு நட்ட கல்தூண்கள் வரிசையாக நிற்கும். மழை முடியும் தறுவாயில் அந்த இடைவெளிகளைத் தழையாலும் வைக்கோலாலும் மண்ணாலும் அடைத்தால் கண்மாயில் கூடுதலாக நீர் தேங்கும். அடைப்பை எடுக்கத் தாமதித்தால் மேலேயுள்ள ஊரின் வயல் மூழ்கும், கரையும் உடையும். முன்னதாக எடுத்தால் நம் வயல் காயும். எப்போது அடைப்பது, எப்போது திறப்பது என்பது ஊர்களுக்கிடையே வழக்காகவும் சண்டையாகவும் இருந்தது. மடை திறந்து நீர் பாய்ச்சும் நீர்பாய்ச்சிக்கு அறுவடையில் பங்கு உண்டு. சாமி, சம்பளம், தகராறு மூன்றும் ஒரே கரையில் இருந்தன.

இதை ஒரு பொற்காலமாக வரைந்துவிடக் கூடாது. ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களை ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மாஸ் 2003-ல் வெளியிட்ட நூலில், நீர்ப் பங்கீடு அதிகாரத்தோடும் சாதியோடும் பின்னிக் கிடந்ததை விரிவாகக் காட்டினார். சேற்றில் இறங்கி மடை திறந்தவர்களும் கோயிலில் முதல் மரியாதை பெற்றவர்களும் ஒருவரல்லர். ஊரார் கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்தை ஆங்கிலேயர் 1858-ல் சட்டமாக்கியபோது அதற்கு வைத்த பெயரே கட்டாய உழைப்புச் சட்டம்.

ஆயினும் ஒரு வாதம் நிற்கிறது. வழிபாடு வேலையோடு கட்டுண்டிருந்தவரை அதற்குச் சூழல் பயன் இருந்தது. கட்டு அறுந்ததும் பயன் போயிற்று. இன்று கும்பாபிஷேகங்களுக்குக் குறைவில்லை. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதை அகற்றும்படி 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டும் மரம் தீரவில்லை. தீர்ந்தால் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் எங்கே போவார்கள் என்பதும் நியாயமான கேள்வியே. பக்தி குறைந்ததால் கண்மாய் கெட்டது என்போர், கும்பாபிஷேகங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே கண்மாய் கெட்டதைப் பார்க்கவில்லை.

தனிமனித அறம் மட்டும் இதற்குப் போதுமா? அதன் உச்சமும் இதே மண்ணில் பிறந்ததுதான். குண்டாற்றங்கரைத் திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமணர், அருணாசல மலையில் தெரியாமல் குளவிக்கூட்டில் தொடை பட்டபோது, கூட்டைக் கலைத்த கால் தண்டனை பெறட்டும் என்று குளவிகள் கொட்டி முடிக்கும்வரை அசையாமல் நின்றார். அந்தக் கருணைக்கு ஈடில்லை. ஆனால் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வார ஒரு ஞானி போதாது. பத்து ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் அமர்ந்த அருணாசல மலை மொட்டையாகிக் கிடந்தபோதும், 1980-களின் இறுதியில் தொடங்கி அதைப் பசுமையாக்கியது கன்று நட்டுத் தீத்தடுப்பு வரப்பு வெட்டிய கூட்டு உழைப்பே.

அரிட்டாபட்டி இன்னும் அண்மைச் சான்று. மேலூர் அருகிலுள்ள அந்த ஊரின் குன்றுகளும் நீர்நிலைகளும் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. 2024 நவம்பரில் அப்பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போனது. மக்கள் சாமியின் பெயரைச் சொன்னார்கள். அதோடு கிராமசபைத் தீர்மானம் போட்டார்கள், 2025 ஜனவரி 7 அன்று மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். சட்டப்பேரவையும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. நம்பிக்கை மட்டும் இருந்திருந்தால், அரசாணை மட்டும் இருந்திருந்தால், இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

காரியாபட்டி வட்டாரக் கோயில் கமிட்டிகள் ஒன்று செய்யலாம். கண்மாய்க் கரைச் சாமிக்குத் திருப்பணி மதிப்பீடு எழுதும்போது, கோபுர வண்ணத்துக்கு அடுத்த வரியில், அந்தச் சாமியின் கண்மாய்க்கு வரத்துக்கால் வெட்டும் செலவையும் சேர்த்து எழுதட்டும். வெட்டுகிறவர்களுக்கு முழுக்கூலியும் கமிட்டியில் இடமும் கொடுக்கட்டும்.