ஆசானும் சான்றிதழும்

பரங்கிமலையில் நாம் வணங்கும் புனித தோமையாரை, கையில் மூலைமட்டம் ஏந்தியவராக வரைவது ஓவியர் மரபு. கட்டடக் கலைஞர்களுக்கும் கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் அவர் பாதுகாவலர். 'தோமாவின் பணிகள்' என்னும் மூன்றாம் நூற்றாண்டுச் சிரிய நூலே இம்மரபின் ஊற்று. திருச்சபை அதனைத் திருநூல் வரிசையில் ஏற்கவில்லை. அதில் புனைவும் மிகுதி. எனினும் அதில் வரும் ஓர் உரையாடல் நம் சிந்தனைக்குரியது. குண்டபோரஸ் மன்னனுக்காகத் தச்சரைத் தேடி வந்த வணிகர், தோமையாரிடம் அவருக்குத் தெரிந்த தொழில் என்னவென்று வினவுகிறார். மரத்தில் கலப்பையும் நுகத்தடியும் துடுப்பும், கல்லில் தூணும் அரண்மனையும் செய்யத் தெரியும் என்பது தோமையாரின் மறுமொழி.

வேலைக்கு ஆள் வைக்கும் எவரும் கேட்கும் கேள்விதான் அது. தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆயிற்று. சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் என எத்திசை நோக்கினும் புது வீடுகள் எழும்பிய வண்ணம் இருக்கின்றன. வீடு கட்டுவோர் முன் இருவகைத் தொழிலாளர் வந்து நிற்கின்றனர். ஒருவர் சில வாரப் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வரும் இளைஞர். மற்றவர் பத்தாண்டு ஒரு மேஸ்திரியின் கீழ் உழைத்தவர். கையில் தாள் ஏதும் இல்லை. யாரை அமர்த்துவது? வரலாற்றைச் சற்றே புரட்டினால், இக்கேள்வியின் பின்னால் இன்னொரு கேள்வி மறைந்திருப்பது புலனாகும்.

பழைய முறையை முதலில் நோக்குவோம். கட்டட வேலையில் கையாளாகச் சேர்பவன் கலவை குழைத்து, செங்கல் எடுத்துக் கொடுத்து, ஆண்டுகள் சில கழிந்த பின்னரே கரண்டி பிடிப்பான். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவரின் நேர்மையைக் காண்பதும், ரசமட்டம் வைத்துத் தளத்தின் சமநிலையைத் தேர்வதும் சொல்லிக் கொடுத்து வருவன அல்ல. உடனிருந்து கண்டு பழகுவன. மாணவன் செய்த பிழையை ஆசான் அன்றே காண்பார். அப்போதே இடித்துக் கட்டச் சொல்வார். அவன் பிழை அவர் பெயருக்கு வரும் இழுக்கன்றோ! மத்தேயு நற்செய்தியில் 'தச்சருடைய மகன்' எனப்படும் நம் ஆண்டவர், மாற்கு நற்செய்தியில் 'தச்சர்' என்றே அழைக்கப்படுகிறார். இவ்விரு சொற்களுக்கும் இடையே, நாசரேத்துப் பட்டறையில் சூசையப்பரின் அருகிருந்து கற்ற ஆண்டுகள் மறைந்துள்ளன.

ஆயினும் அம்முறையைப் பொற்காலமெனப் புகழ்வது உண்மைக்குப் புறம்பாகும். நம் நாட்டில் தொழிலைக் கற்பித்தது ஆசான் மட்டும் அன்று. பிறப்பும் கற்பித்தது, பிறப்பே தடுக்கவும் செய்தது. சித்தாளாகத் தலைச்சுமை தூக்கிய பெண்கள் வாழ்நாள் முழுதும் சித்தாளாகவே இருந்தனர். கொத்தனார் ஆகும் வாய்ப்பு அவர்களுக்கு எட்டவில்லை. பயிற்சி எப்போது முடியும் என்பதைச் சொல்லும் ஏடு எதுவும் இல்லை. கற்பித்தலின் பெயரால் கூலியின்றி உழைப்பு வாங்கியோரும் உண்டு.

1953-இல் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் இவ்வுண்மையை வெளிச்சமிட்டது. கிராமப் பள்ளிகளில் பாட நேரம் குறைக்கப்பட்டது; எஞ்சிய நேரத்தில் சிறுவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றனர். 'குலக்கல்வித் திட்டம்' எனப் பெயரிட்டுப் பெரியாரும் பிறரும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1954-இல் முதலமைச்சரான காமராசர் அதனைக் கைவிட்டார். உளி பிடிப்பது இழிவு என்று தமிழ் மக்கள் கருதியதால் எழுந்த எதிர்ப்பன்று அது. உளியைப் பிடிக்க வேண்டியவன் யார் என்பதைப் பிறப்பு முடிவு செய்யலாகாது என்பதே அதன் பொருள்.

அப்படியாயின், தந்தைவழித் தொழில் இல்லாத ஏழைச் சிறுவன் எவ்வாறு கற்பது? 1850-இல் இந்தியாவில் இயற்றப்பட்ட தொழில் பயிலுநர் சட்டம் இதற்கு ஒரு தொடக்கம். ஆதரவற்ற சிறுவர்களை, 10 முதல் 18 வயதுக்குள், எழுத்துமூலமான உடன்படிக்கையோடு ஒரு தொழிலாசானிடம் ஒப்படைக்க அது வழி செய்தது. அதே ஆண்டில் சென்னையில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் கலைப் பள்ளியைத் தொடங்கினார். தொழிற்கல்வி அங்கு வகுப்பறைக்குள் வந்தது. ஒருபுறம் ஆசானோடு உடன்படிக்கை, மறுபுறம் பள்ளிக்கூடம். அன்று பிரிந்த இவ்விரு பாதைகளும் இன்றும் நம் முன் கிடக்கின்றன.

விடுதலைக்குப் பின் அரசு இரண்டையும் இணைக்க முயன்றது. 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கிற்று, ஐ.டி.ஐ. என நாமறிந்த தொழிற்பயிற்சி நிலையங்கள் அதன் வழி வந்தவை. 1961-இல் புதிய தொழில் பயிலுநர் சட்டம் பிறந்தது. தொழிற்சாலைகள் தம் ஆள்தொகைக்கு ஏற்பப் பயிலுநர்களைச் சேர்க்க வேண்டும், உதவித்தொகை தர வேண்டும், முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டு என்றது அது. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931 முதல் ஓடிய மின்சார ரயில், இந்த வரலாற்றையே ஊர் ஊராகக் கடந்து சென்றது. கிண்டியில் 1958-இல் தொழிற்பேட்டை, ஐ.டி.ஐ.யும் அங்குண்டு. குரோம்பேட்டையின் பெயரே தோல் பதனிடும் தொழிற்சாலையிலிருந்து வந்தது. தாம்பரத்தில் ரயில் பெட்டிப் பணிமனை. அதற்கப்பால் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை. வகுப்பில் ஈராண்டு, பின்னர் ஆலையில் பயிலுநர் என வளர்ந்த பிட்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் இப்புறநகரின் குடும்பங்கள் பலவற்றை நிலைநிறுத்தினர்.

இம்முறைக்கும் எல்லை இருந்தது. பயிற்சி முடித்தவனுக்கு வேலை தந்தே ஆக வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. அன்றியும், வீடு கட்டும் தொழில் பெரும்பாலும் சிறு மேஸ்திரிகளின் கையில் இருந்தமையால், ஆலைகளைக் கருதி எழுதிய அச்சட்டத்தின் நிழல் அங்கு விழவில்லை.

குறுகிய காலப் பயிற்சியோ அவசரத்தின் குழந்தை. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல், போர்த் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டிப் பிரிட்டிஷ் அரசு விரைவுப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. நம் காலத்தில் இளையோரின் வேலையின்மை அத்தகைய அவசரமாயிற்று. 2015-இல் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டமும், 2022-இல் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டமும் வந்தன. மத்தியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் குறுகிய காலப் பயிற்சி 150 முதல் 300 மணி நேரம். நாளொன்றுக்கு எட்டு மணி என வைத்தால், 300 மணி நேரம் நாற்பது நாளுக்கும் குறைவு. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்புக்கு ஈராண்டு என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நாற்பது நாளில் என்ன வரும் என எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் இப்பயிற்சி ஒரு நற்செயலைச் செய்தது: 'நீ யார் மகன்?' என்று அது கேட்கவில்லை. பெண்ணையும் வெளியூரிலிருந்து வந்தவனையும் உள்ளே விட்டது. எர்த் இணைப்பின் தேவையையும் பாதுகாப்பு விதிகளையும் முறையாகச் சொல்லிக் கொடுத்தது. அதன் குறை வேறிடத்தில் உள்ளது. பயிற்சிக்கூடத்தின் பலகையில் புத்தம் புதுக் கம்பியை இணைத்தவன், முப்பதாண்டுப் பழைய வீட்டில் ஈரம் ஊறிய சுவருக்குள் ஓடும் கம்பியைச் சந்திக்கும்போது, அருகில் நிற்க ஆசான் இல்லை. மின்வேலையில் பிழைக்கு விலை சில வேளைகளில் உயிர். பெரும்பாலும் அவன் உயிரே.

இங்குதான் புனித தொன் போஸ்கோவை நினைக்கிறோம். பழைய தொழிற்குழுக்கள் மறைந்த தூரின் நகரில், சிறுவர்கள் பாதுகாப்பின்றிப் பட்டறைகளில் வதைபட்டனர். 1852 பிப்ரவரி 8-ஆம் நாள், ஜுசெப்பே ஒதாசோ என்னும் சிறுவனுக்காக, பெர்த்தொலினோ என்னும் தச்சரோடு முத்திரைத்தாளில் அவர் ஓர் ஒப்பந்தம் எழுதினார். ஈராண்டுக்குள் தொழிலைக் கற்பிக்க வேண்டும். சொல்லால் திருத்தலாமேயன்றி அடிக்கலாகாது. தொழிலுக்குப் புறம்பான ஏவல் கூடாது. திருநாள்களில் ஓய்வு தர வேண்டும். சிறுவன் கடமை தவறாதிருக்கப் பிணைநின்றவர் அவன் தந்தை; அவனது நன்னடத்தைக்குத் துணைநிற்பதாக வாக்களித்தவர் தொன் போஸ்கோ. அடுத்த ஆண்டே தம் இல்லத்தில் தையல், காலணித் தொழிற்கூடங்களைத் தொடங்கினார். அவருடைய சலேசியத் துறவியர் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்து ஆதரவற்ற சிறுவரிடையே பணி தொடங்கியதும், 1928-இல் சென்னையில் கால்கொண்டதும் நாமறிந்தவை.

பயிற்சியின் நீளம் அவ்வொப்பந்தத்தில் ஒரு வரி மட்டுமே. எஞ்சிய வரிகளெல்லாம், கற்பவனுக்கு யார் பொறுப்பு என்பதையே பேசுகின்றன. நம் கேள்விக்குப் பின்னால் மறைந்திருந்த கேள்வியும் இதுவே. மேஸ்திரியிடம் கற்றவனுக்கு ஆசான் இருந்தார், உரிமை இல்லை. குறுகிய காலப் பயிற்சி பெற்றவனுக்குச் சான்றிதழ் உண்டு, ஆசான் இல்லை. இருவருமே பாதி வழியில் விடப்பட்டவர்கள். மீதிப் பாதி வேலை நடக்கும் இடத்தில் உள்ளது. அது வேலை கொடுக்கும் நம் கையில் உள்ளது.

இதை ஏற்க நமக்குத் தயக்கம் வரலாம். நாம் செய்வது என்ன? மூன்று மேஸ்திரிகளிடம் மதிப்பீடு கேட்டு, குறைந்த தொகைக்கு இசைபவரை அமர்த்துகிறோம். அத்தொகையில் கற்றுக்கொள்ளும் பையனுக்கான கூலிக்கு இடமேது? பழகும் கை மெதுவாகவே வேலை செய்யும். அந்த மெதுவுக்குப் பணம் தர நாம் மறுப்பதால் மேஸ்திரி அவனைச் சேர்ப்பதில்லை. பின்னர், தொழில் தெரிந்த ஆளே கிடைப்பதில்லை என்று நாமே புலம்புகிறோம். 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றிய தம் திருமடலில், வேலையின் நிலைமைகளைப் பின்னின்று தீர்மானிக்கும் 'மறைமுக முதலாளி'யின் பொறுப்பை எடுத்துக் காட்டினார். வீடு கட்டும் நாமும் நம் அளவில் அத்தகையோரே.

ஆகவே, யாரை அமர்த்துவது என்பதற்கு நம் விடை: இருவரையும், ஒருவர் அருகில் மற்றவரை. அனுபவம் மிக்கவர் பொறுப்பில் சான்றிதழ் பெற்ற இளைஞனை வைத்து, இருவர் கூலியையும் மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லலாம். மின்வேலையை அவனிடம் தனியே விடாதிருக்கலாம். ஏடில்லாத மூத்தவருக்கும் வழியுண்டு. ஐந்தாண்டு அனுபவமும் 21 வயதும் உடையோர் எழுதும் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வைத் தமிழக அரசு நடத்துகிறது; முன்னனுபவத்தை மதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு மத்தியத் திட்டத்திலும் இடம்பெற்றது. விண்ணப்பத்தை நிரப்பித் தர நம் பங்குகளில் படித்தவர் இல்லாமலா போய்விட்டனர்?

மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் நிறுவினார். அந்நாளில் தொழிற்கருவிகளை மந்திரித்து வாழ்த்துப் பெற்றுச் செல்வது நன்று. அதனோடு, தூரின் நகரத் தாளில் குருவானவர் ஒருவர் இட்டதைப் போன்ற கையொப்பம் ஒன்றை, தொழில் கற்கும் ஓர் இளைஞனுக்காக நாமும் இட முன்வந்தால், அவன் பிழைப்போடு நம் வீட்டுச் சுவரும் நேராக நிற்கும்.