தொடுகை மொழி வந்த வழி

செவித்திறனும் பார்வையும் ஒருங்கே இழந்தோருக்கான முறையான கல்வி, 1837ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரின் பெர்கின்ஸ் பள்ளியில் லாரா பிரிட்ஜ்மன் என்னும் சிறுமிக்குச் சாமுவேல் ஹோவ் எழுத்துகளைத் தொட்டறியக் கற்பித்தபோது உருப்பெற்றது; அப்பள்ளியில் பயின்ற ஆன் சல்லிவன், 1887இல் ஹெலன் கெல்லரின் உள்ளங்கையில் விரல் எழுத்துகளை இட்டு அக்கல்வியை உலகறியச் செய்தார். கெல்லர் 1955இல் இந்தியாவுக்கு வந்து சென்றபோதிலும், அவரை ஒத்த குழந்தைகளுக்கான பள்ளியைப் பெரோஸ் வச்சா மும்பையில் தொடங்கியது 1977இல்தான்; இத்தாமதம் வருந்தத்தக்கது. தமிழ்நாட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005இல் முட்டுக்காட்டில் அமைந்தது.

தொடுகைச் சைகை மொழி என்பது, பேசுபவர் காட்டும் சைகையின் வடிவையும் அசைவையும் கேட்பவர் அவர் கைமேல் தம் கையை வைத்து உணரும் முறையாகும். கற்பிப்பவர் குழந்தையின் கையைப் பற்றி இழுக்காமல், தம் கையை அதன் கீழே வைத்து வழிகாட்டுவதால், விலகவும் தொடரவும் குழந்தைக்கு உரிமை இருக்கிறது. இம்முறையின் மிக நுட்பமான அறம் இதுவே. கண்ணால் காணும் முகபாவத்தால் உணர்த்தப்படும் வினாவும் மறுப்பும் இங்கே தோளிலோ கையிலோ தொட்டு உணர்த்தப்பட வேண்டியிருப்பதால், இதைக் கற்க நெடுநாள் பழக்கம் தேவைப்படுகிறது. ஆகவே திருப்பூரின் வேலம்பாளையம் போன்ற பனியன் தொழிற்பகுதிகளில், பெற்றோர் ஷிப்டு முறையில் உழைக்கும் வீடுகளில், பாட்டியும் உடன்பிறந்தோரும் அம்மொழியைக் கற்பது இன்றியமையாததாகிறது. இக்குழந்தைகளின் செவிப்பார்வைக் குறைபாட்டை இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் அட்டவணையில் பெயரிட்டு ஏற்றுக்கொண்டுள்ளது.